தொற்றுநோய் ஆலோசனைப் பிரிவில் ஆசிரியராகும் தம்பிக்கு



தொற்றுநோய் ஆலோசனைப் பிரிவு என்பது, பிற துறைகளின் வார்டுகளில் இருக்கும் நோயாளிகளைப் பற்றி அத்துறையினர் கருத்துக் கேட்கும்போது நேரில் சென்று பார்த்து, நோய் இன்னதென்றும் மருந்து இன்னதென்றும் எழுதித் தரும் பிரிவு. அப்பிரிவுக்குச் சுழற்சி முறையில் வந்து போகும் முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு, மருத்துவமனைப் பேச்சில் பிஜி எனப்படுவோருக்கு, ஆசிரியராகப் பொறுப்பேற்கும் தம்பி முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, அவர்கள் மருந்துப் பட்டியலைக் கற்க அங்கு வரவில்லை என்பதே. எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக், எத்தனை மில்லிகிராம் என்பது கைபேசியில் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். எவ்வளவு தேடினாலும் அதில் கிடைக்காதது, கேட்கப்பட்ட கேள்வி சரியான கேள்விதானா என்று ஐயுறும் பழக்கம்.

பிற துறையினர் அனுப்பும் ரெஃபரல் சீட்டில் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை: காய்ச்சல் இறங்கவில்லை, மெரோபெனம் ஐந்தாம் நாள், அடுத்து என்ன சேர்க்கலாம். இவ்வரியை அப்படியே ஏற்கும் பயிற்சி மருத்துவர், கோலிஸ்டினா பூஞ்சை மருந்தா என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார். ஆனால் அக்காய்ச்சலுக்குக் காரணம் வடிக்கப்படாமல் வயிற்றுக்குள் நிற்கும் சீழாகவோ, கழுத்துச் சிரையில் பல நாளாக எடுக்கப்படாமல் இருக்கும் குழாயாகவோ, காலில் உறைந்த இரத்தமாகவோ, ஏன், கொடுக்கப்பட்டுவரும் மருந்தாகவேயோ இருக்கக்கூடும். லீ கோல்ட்மேனும் அவருடன் பணியாற்றிய இருவரும் ஆலோசனை மருத்துவர்களுக்காக 1983ஆம் ஆண்டில் வகுத்த பத்து விதிகளில், கேள்வி எதுவென்று உறுதி செய்துகொள்வதை முதல் விதியாக வைத்தது காரணமின்றி அன்று. பிறர் எழுதிய குறிப்பை நம்பி எழுதாமல் தானே பார்த்து எழுத வேண்டும் என்பதும் அப்பத்தில் ஒன்று.

இப்பழக்கத்தை ஊட்டுவதற்கு ஆசிரியர் கைக்கொள்ள வேண்டிய முதல் ஒழுக்கம் வாய் திறவாமை. ஆசிரியர் பேச, மாணவர் தலையசைத்துக் குறித்துக்கொள்ளும் ரவுண்ட்ஸ் நம் மருத்துவக் கல்லூரிகளில் மரபாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் 1992இல் வெளியிட்ட, ஒரு நிமிட ஆசிரியர் முறை என்று வழங்கும் கற்பித்தல் முறையோ இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது: நோயாளியைப் பற்றிக் கூறி முடித்த மாணவர், தம் முடிவு இன்னதென்று முதலில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், அதற்கான சான்றுகளை ஆசிரியர் அடுத்து வினவுவார், அதன் பின்னரே பொதுவிதி ஒன்றைக் கற்பித்தலும், சரியாகச் செய்ததைச் சுட்டுதலும், தவற்றைத் திருத்துதலும் நிகழும். தவறான முடிவைத் துணிந்து சொன்னவருக்கு அம்முடிவு எங்கே பிறழ்ந்தது என்பது புலப்படும். எதுவுமே சொல்லாதவருக்குத் திருத்திக்கொள்ள ஒன்றுமே இராது. மாணவர் தடுமாறும் அந்தச் சில நொடிகளில் விடையைச் சொல்லிவிடத் தோன்றுவது இயல்பே, குறிப்பாகப் பார்க்க வேண்டிய கேஸ்கள் இன்னும் பத்து மீதமிருக்கையில். ஆயினும் அதை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

தானே பார்த்தல் என்பதற்கு ஸ்க்ரப் டைபஸைவிடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டு வார்டுகளில் கிடைப்பது அரிது. புதர்களிலும் புல்லிலும் வாழும் ஒருவகை உண்ணியின் இளம்புழு கடிப்பதால் பரவும் இக்காய்ச்சலில், கடிவாயில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்குடன் சிவந்த விளிம்பு கொண்ட சிறு புண் தோன்றுவதுண்டு. அது வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை என்பதால் நோயாளிக்கே அது தெரிந்திருப்பதில்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, பாவாடை நாடா அழுத்தும் இடுப்பு ஆகிய, கூச்சத்தால் எவரும் விலக்கிப் பாராத இடங்களிலேயே அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். திரையிட்டு, பெண் நோயாளியாயின் செவிலியர் ஒருவரை உடன் நிறுத்தி, காரணத்தை எடுத்துச் சொல்லி இசைவு பெற்று, உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்கும் முறையைப் பயிற்சி மருத்துவருக்கு ஆசிரியர் தம் கையாலேயே செய்து காட்ட வேண்டும். அப்புண் தென்பட்டுவிட்டால், நுண்ணுணர்வு குறைந்த வெய்ல்-பெலிக்ஸ் சோதனையின் முடிவுக்காகக் காத்திராமல் டாக்சிசைக்கிளினைத் தொடங்கலாம். உறுப்புகள் பாதிக்கப்பட்ட கடுமையான நோய்க்கு டாக்சிசைக்கிளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துச் சிரை வழியாகச் செலுத்துவதே ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நன்று என்பதை 2023இல் வெளியான, இந்திய மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஆய்வு காட்டியது. ஐந்து நாள் மெரோபெனத்துக்கு இறங்காத காய்ச்சல் சில வேளைகளில் விலை மலிந்த டாக்சிசைக்கிளின் மாத்திரைக்கு இரண்டு நாளில் இறங்குவதைக் கண்ட பயிற்சி மருத்துவர், பின்னர் எத்துறைக்குச் சென்றாலும் நோயாளியின் அக்குளைப் பாராமல் விடமாட்டார்.

படுக்கையருகே பார்ப்பதோடு பார்வை முடிந்துவிடுவதில்லை. நாள்தோறும் ஒருமுறையேனும் பயிற்சி மருத்துவர்களை நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, கல்ச்சர் தட்டையும் கண்ணாடிச் சில்லையும் காட்டாத ஆசிரியர், பாடத்தின் பாதியை விட்டுவிட்டவர் ஆவார். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலி என்ற கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் இதற்குத் தக்க சான்று. நீரிழிவு உள்ள உழவர் ஒருவர், மழைக்காலத்தில், நெடுநாள் காய்ச்சலும் நுரையீரல் நிழலும் மண்ணீரலில் சீழ்க்கட்டிகளுமாக வருவார். காசநோய் என்று கருதி மருந்தும் தொடங்கப்பட்டிருக்கும். இக்கிருமி வழக்கமான வளர்ப்பு ஊடகங்களில் வளரக்கூடியதே எனினும், சூடோமோனாஸ் என்று தவறாக அறிக்கையிடப்படுவதும், வெளியிலிருந்து கலந்த மாசு என்று கழிக்கப்படுவதும் உண்டு. ஆனால் அறிக்கைத் தாளை மருந்துப் பெயர்களின் ஓரத்தில் உள்ள எழுத்துகளோடு சேர்த்து ஊன்றிப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: சூடோமோனாஸ் ஏருஜினோசா கோலிஸ்டினுக்குப் பெரும்பாலும் கட்டுப்படும், கோஅமாக்சிகிளேவுக்குக் கட்டுப்படாது, இதுவோ அப்படியே தலைகீழ். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் செப்டாசிடிமோ மெரோபெனமோ, அதன்பின் மூன்று மாதமளவு கோட்ரைமாக்சசோல் என்னும் நெடிய மருத்துவம் இவ்வொரு முரண்பாட்டைப் பயிற்சி மருத்துவர் கவனித்தாரா இல்லையா என்பதில் தங்கியிருக்கிறது. ஆய்வகத் தொழில்நுட்பநரிடம் தயங்காமல் சென்று, இந்தத் தட்டை இன்னும் இரண்டு நாள் வைத்திருங்கள் அண்ணே, என்று கேட்கத் தெரிந்த பிஜி, பாடநூலில் இல்லாத ஒரு திறனைப் பெற்றுவிட்டார்.

மருந்தைத் தொடங்கக் கற்பிப்பதைவிட நிறுத்தக் கற்பிப்பது கடினம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை எளிதில் கொடுக்கத்தக்கவை, கவனித்துக் கொடுக்க வேண்டியவை, இறுதிக்கென ஒதுக்கப்பட்டவை என மூன்றாக வகுத்ததை எல்லாரும் மனப்பாடமாக ஒப்பிப்பர். ஆனால் எரிச்சலோ காய்ச்சலோ இல்லாத மூதாட்டியின் சிறுநீர்க் கல்ச்சரில் ஈகோலை வளர்ந்திருப்பதைக் கண்டும், அவர் கருவுற்றவரும் அல்லர், சிறுநீர்ப்பாதை அறுவைக்குச் செல்பவரும் அல்லர் என்பதால் மருந்து வேண்டாம் என்று எழுதக் கை வருவதில்லை. அதே வேளையில், நிறுத்துவதே நல்லொழுக்கம் என்ற எண்ணமும் வேரூன்றிவிடக் கூடாது. இரத்தத்தில் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்துவிட்டால், காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டாலும், மறு கல்ச்சரும் இதய எக்கோவும் செய்தாக வேண்டும். சிக்கலற்றது என்று உறுதியான நோய்க்கும் பதினான்கு நாளுக்குக் குறையாமலும், இதய வால்விலோ எலும்பிலோ தங்கிவிட்டால் நான்கு முதல் ஆறு வாரமும், சிரை வழி மருந்து செல்வதே வழக்கமான நெறி.

மற்றொன்றையும் தம்பி எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாண்டு பிஜி ஒருவர், அறுவைத் துறையின் மூத்த பேராசிரியர் தொடங்கிய மருந்தை நிறுத்துமாறு கேஸ் ஷீட்டில் எழுத நேர்கையில், எழுதியது அவர் கையெழுத்தாயினும் அதன் சுமை ஆசிரியருடையது. எழுதும் முன்னரே தொலைபேசியில் அப்பேராசிரியரிடம் பேசிவிட்டால் குறிப்பு இரண்டு வரியில் முடியும், சண்டையும் வராது. எழுத்தில் மட்டும் விவாதிக்கும் பிரிவுகளின் ஆலோசனையை எவரும் பொருட்படுத்துவதில்லை என்பது வெளிப்படை.

பயிற்சி மருத்துவர்களைக் குறைத்து மதிக்கவும் வேண்டா. இந்தியாவில் எச்ஐவி இருப்பது 1986இல் முதன்முதலாகத் தெரிய வந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் முதுநிலை மாணவி நிர்மலாவுக்கு அக்கிருமியைத் தேடுவதை ஆய்வுப்பொருளாகக் கொடுத்ததாலேயே. அந்நோய் இந்நாட்டுக்கு வராது என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், இரத்த மாதிரிகளைத் தேடிச் சேகரித்தவர் அம்மாணவி. அவை சோதிக்கப்பட்டது வேலூரில்.

மாத இறுதியில் பயிற்சி மருத்துவருக்கு மதிப்பெண் இடுவதற்குத் தேர்வு எதுவும் வைக்க வேண்டியதில்லை. அம்மாதத்தில் அவர் எழுதிய ஆலோசனைக் குறிப்புகளில் மூன்றை எடுத்து, அந்நோயாளிகளை அதன்பின் எத்தனை முறை அழைக்காமலே சென்று பார்த்தார், கல்ச்சர் முடிவு வந்த அன்று முதற் கருத்தை மாற்றி எழுதினாரா, மாற்றியதை வார்டு மருத்துவரிடம் நேரில் சொன்னாரா என்று அவருடனேயே உட்கார்ந்து பார்ப்பது போதும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர்