மருந்து வசதியை அளவிடுதல்

ஒரு நாட்டில் மருந்துத் தொழிற்சாலைகள் எத்தனை, உற்பத்தியின் மதிப்பு எவ்வளவு என்பவற்றைக் கொண்டு அந்நாட்டு மக்களுக்கு மருந்து கிடைக்கிறது என்று முடிவு கட்டிவிட இயலாது. ஏற்றுமதியில் முன்னிற்கும் நாட்டிலும், ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து போயிருக்கலாம்.

எவ்வெம்மருந்துகளை அளப்பது? அதற்கு முதலில் ஒரு பட்டியல் வேண்டும். இந்தியாவில் ஹாத்தி குழு 1975-ல் அத்தகைய பட்டியலொன்றை அளித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் முதற்பட்டியல் 1977-ல் வெளியாயிற்று. 2022-ல் திருத்தப்பட்ட நமது தேசியப் பட்டியலில் 384 மருந்துகள் இடம்பெற்றன.

ஹெல்த் ஆக்‌ஷன் இன்டர்நேஷனல் அமைப்புடன் சேர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2003-ல் ஓர் ஆய்வு முறையை வகுத்தது. ஆய்வாளர் அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் கடைகளுக்கும் நேரில் சென்று, அம்மருந்து அன்றைய தினம் இருப்பில் உள்ளதா என்று கண்ணால் கண்டு குறித்துக்கொள்கிறார். பதிவேட்டில் மட்டும் உள்ள இருப்பு கணக்கில் சேராது! அடுத்து, உள்ளூர் விலை சர்வதேச ஒப்பீட்டு விலையைப் போல் எத்தனை மடங்கு என்று பார்க்கப்படுகிறது. மூன்றாவது அளவையே நம் கருத்தை மிகவும் கவர்வது. மிகக் குறைந்த ஊதியம் பெறும், தனித்திறன் வேண்டாத பணியிலுள்ள அரசு ஊழியர் ஒருவர், அம்மருந்தை வாங்க எத்தனை நாள் ஊதியத்தைச் செலவிட வேண்டும்? நீரிழிவு நோயாளிக்கு இச்செலவு மாதந்தோறும் திரும்ப வருவது என்பதை நினைவிற்கொள்க.

இம்முறையில் மருந்தின் தரம் அளக்கப்படுவதில்லை. அதற்குச் சோதனைச் சாலை வேண்டும். இந்தியாவில் 2014-16-ல் நடைபெற்ற தேசிய ஆய்வில் 47,012 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் போலியானவை 0.0245 சதவீதமே, தரங்குறைந்தவை 3.16 சதவீதம். போலி மருந்தைப் பற்றி எழும் கூக்குரல் தரக்குறைவைப் பற்றி எழுவதில்லை என்பது வியப்பே.

இந்தச் சராசரியோ முழு உண்மையைக் காட்டுவதன்று. சில்லறைக் கடைகளில் எடுத்த மாதிரிகளுள் தரங்குறைந்தவை சுமார் 3 சதவீதம். அரசு வழங்கல் மருந்துகளிலோ 10.02 சதவீதம். அதாவது, விலையின்றி மருந்து பெறுவதால் ஊதிய அளவையில் குறையின்றித் தோன்றும் ஏழை நோயாளியே, தர அளவையில் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகியிருந்தார்.

இக்குறையைக் களைய வழி இல்லாமலில்லை. 1994-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கொள்முதல் செய்த ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியையும் கிடங்கில் தனியே நிறுத்திவைத்து, சோதனை முடிவு வந்த பின்னரே மருத்துவமனைகளுக்கு விடுவிக்கும் முறையைக் கையாண்டு வருகிறது. ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. சோதனையில் தேறாத தொகுதி திருப்பப்படும்போது மருத்துவமனையில் இருப்பு குறையலாம். அன்று அங்கே செல்லும் ஆய்வாளர் ‘மருந்து இல்லை’ என்றே குறிப்பார். தரங்குறைந்த மருந்தை அப்படியே வழங்கிவிட்ட நிலையத்தைக் குறித்தோ ‘மருந்து உண்டு’ என்று எழுதுவார்.