இரட்டைக் குழந்தைகளுக்கு டயப்பரை நிறுத்த…

ஒன்றைக் கழுவி முடிப்பதற்குள் மற்றது கூடத்தை நனைத்திருக்கும். இரட்டையர் இருக்கும் வீட்டில் இது அன்றாடக் காட்சி. சமாளிக்கச் சில வழிகள்:

1. டயப்பர் 2 மணி நேரம் நனையாமல் இருக்கும் குழந்தைக்கு முதலில் தொடங்குங்கள். இரட்டையரானாலும் இருவரும் ஒரே நாளில் தயாராவதில்லை. ஒன்றைப் பார்த்து மற்றது பழகும்.

2. பேபி பாட்டி சீட் இரண்டு வாங்குங்கள். ஒருவர் உட்கார்ந்ததும் அடுத்தவருக்கும் அவசரம் வரும்.

3. சாப்பிட்ட 20 நிமிடத்துக்குள் உட்கார வையுங்கள். வயிறு நிறைந்ததும் குடல் அசையத் தொடங்கும். வராவிட்டால் 5 நிமிடத்தில் எழுப்பிவிடுங்கள்.

4. பாதம் தரையில் பதியட்டும். கால் தொங்கினால் முக்குவது கடினம்.

5. ‘அவனைப் பார், சமர்த்தாகப் போகிறான்’ என்று ஒப்பிடாதீர்கள். வெட்கப்படும் குழந்தை மலத்தை அடக்கி, மலச்சிக்கலில் மாட்டும்.

6. பெண் குழந்தைக்கு முன்பக்கமிருந்து பின்பக்கமாகக் கழுவுங்கள். மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் பரவாது.