மூன்று பொதியும் இரண்டு கையும்

கொக்கான் வெட்டும் சிறுமியைச் சற்று நின்று கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். ஒரு கல்லை மேலே எறிகிறாள். அது திரும்பி வருமுன் நிலத்தில் கிடக்கும் கற்களை வழித்து அள்ளுகிறாள். கண் நிலத்தில் இருக்கிறது. ஆனாலும் அள்ளிய கை, வருகிற கல்லுக்கு நேரே தானாகப் போய் நிற்கிறது. கல் வந்து விழும் இடம் அந்தக் கைக்கு எப்படித் தெரிந்தது? அவள் எறிந்த எறியே அதைச் சொல்லிவிட்டது. ஒழுங்காக எறியப்பட்ட கல்லை ஏந்துவதற்குத் தனித் திறமை வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் வித்தை முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

மூன்று பந்துகளை இரண்டு கைகளால் மாறி மாறி எறிந்து ஏந்துவதைச் சர்க்கஸ் கூடாரத்துக்கே உரியதென்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது நம் வீட்டு முற்றத்தில் இருந்த விளையாட்டுத்தான். அம்மானை என்று பெயர். பெண்கள் காய்களையோ பந்துகளையோ மேலே வீசிப் பிடித்தபடி பாடுவார்கள். ஒருத்தி ஒரு செய்தியைச் சொல்ல, அடுத்தவள் அதில் ஐயம் எழுப்ப, மூன்றாமவள் சிலேடையாக விடை சொல்லுவாள். சிலப்பதிகாரத்திலேயே அம்மானைப் பாட்டு உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கென்றே ஒரு பருவம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையையும் அம்மானை ஆட அழைத்திருக்கிறார். இதே பெயரில் நீண்ட கதைப்பாட்டு வகையொன்றும் வளர்ந்தது. நம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் 17ஆம் நூற்றாண்டிலேயே சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடிக் கேட்டிருக்கின்றனர். பாட்டு நிலைத்தது, பந்து கையை விட்டுப் போய்விட்டது.

ஏன் போயிற்று என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒன்றைமட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவனை நாம் மதிக்கவில்லை. கழைக்கூத்தாடி என்ற சொல்லை ஏச்சாகவே பயன்படுத்தினோம். சென்னைப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போன ஒரு வித்தைக்காரரை ஆங்கிலேயர் 'ராமோ சாமி' என்று எழுதினார்கள். இராமசாமி என்பதே பெயராக இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரமே அவரைப் பார்க்கத் திரண்டது. இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாசிரியர் 1821இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைமை வித்தைக்காரர் நிலத்தில் அமர்ந்து நான்கு பித்தளைப் பந்துகளைப் பிசகாமல் சுழலவிட்டதைக் கண்டபோது, இவ்வளவு குறைவின்றித் தன்னால் செய்யக்கூடியது எது என்று அவருக்குத் தம் எழுத்தைப் பற்றியே வெட்கம் வந்ததாம். அவ்வளவு புகழ் பெற்ற ராமோ சாமி 1850இல் லண்டனில் இறந்தபோது, அடக்கச் செலவுக்கே அவருடைய மனைவி பிறர் உதவியை வேண்ட நேர்ந்தது. கைதட்டியவர்களுக்குக் குறைவில்லை, சோறு போட்டவர்கள்தாம் குறைவு.

இனிப் பயிற்சிக்கு வருவோம்.

முதலில் பந்து வேண்டாம். பந்து விழுந்தால் உருண்டு கட்டிலுக்குக் கீழே போகும். அதைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். துணிப்பொதிகளே சிறந்தவை. மருதமுனைக் கைத்தறிச் சாறன் துணியில் எஞ்சும் துண்டு போதும். உள்ளங்கையில் அடங்கும் அளவில் மூன்று பைகள் தைத்து, பாசிப்பயறோ நெல்லோ நிரப்பி, வாயை இரட்டைத் தையலாகத் தைத்துவிடுங்கள். மூன்றும் ஒரே எடையாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றும் நூறு கிராமுக்குச் சற்று மேல் இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று எண்ணவேண்டாம். அது தையலூடாகக் கசிந்து கண்ணில் விழும்.

கட்டிலையோ மேசையையோ ஒட்டி, அதைப் பார்த்தபடி நில்லுங்கள். தவறும் பொதி இடுப்பளவில் விழும். நூறுமுறை நிலத்துக்குக் குனியவேண்டிய தேவை இராது. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, முன்கை நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்கட்டும்.

ஒரு பொதி. வலக்கையிலிருந்து இடக்கைக்கு, வானவில்லைப்போல் வளைந்து போகும்படி எறியுங்கள். வளைவின் உச்சி கண்ணுக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். தொப்புள் பக்கத்திலிருந்து எறிவதும், தோளுக்கு நேரே வெளிப்பக்கத்தில் ஏந்துவதும் முறை. கண் அந்த உச்சியையே பார்க்கட்டும், கையைப் பார்க்கவேண்டாம். இது சின்னப்பிள்ளை வேலை என்று பலர் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகின்றனர். பிறகு மூன்றாவது பொதி வரும்போது அதன் பலனை அனுபவிக்கின்றனர்.

இரண்டு பொதி. வித்தையின் கதவு இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானோர் திரும்பிப் போவதும் இங்கிருந்துதான். கைக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பொதியை எறியுங்கள். அது உச்சிக்குப் போகும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். உச்சியைத் தொட்டதும், அதன் அடியால் இடக்கைப் பொதியை எறியுங்கள். இப்போது இரண்டையும் ஏந்துங்கள். 'எறி, எறி, ஏந்து, ஏந்து' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாளம் சமமாக வரவேண்டும்.

ஆனால் கை என்ன செய்யும் தெரியுமா? முதற் பொதி வருகிறதென்று கண்டதும் இடக்கைக்குப் பதற்றம் பிடித்துவிடும். தன்னிடமுள்ள பொதியை மேலே எறியாமல், அவசர அவசரமாக வலக்கைக்குக் கடத்திவிடும். பார்ப்பதற்கு இரண்டும் இடம் மாறிவிட்டன. ஆனால் எறியப்பட்டது ஒன்றுதான். இந்தக் கடத்தலைப் பழக்கமாக்கிக்கொண்டவருக்கு மூன்றாவது பொதி ஒருநாளும் வசப்படாது. இதற்கு மருந்து ஒன்றுண்டு, அது விசித்திரமாகத் தோன்றும்: ஏந்தவே ஏந்தாதீர்கள். எறி, எறி, இரண்டையும் கட்டிலில் விழவிடுங்கள். இரண்டும் ஒரே உயரத்துக்குப் போனதா, குறுக்கே மாறி விழுந்ததா என்று மட்டும் பாருங்கள். விழப்போகிறதே என்ற பயம் நீங்கினால் எறி தானே திருந்தும். எறி திருந்தினால் ஏந்துவது அந்தக் கொக்கான் சிறுமிக்கு வருவதுபோல வரும். இடக்கையிலிருந்து தொடங்கியும் இதே அளவு பழகவேண்டும். இதற்கு ஒரு நாள் ஆனாலும் சரி, மூன்று நாள் ஆனாலும் சரி, அவசரப்படவேண்டாம்.

மூன்று பொதி. வலக்கையில் இரண்டு, இடக்கையில் ஒன்று. இரண்டு உள்ள கையே தொடங்கவேண்டும். ஒவ்வொரு பொதியும் உச்சிக்கு வரும்போது மறுகை அடுத்ததை எறியும். மூன்று எறியோடு நிறுத்தி, மூன்றையும் ஏந்திக்கொள்ளுங்கள். அது உறுதியானபின் நான்கு, பிறகு ஐந்து. எறியும்போது கால் முன்னே முன்னே நடந்தால், பொதி மேலே போகாமல் முன்னே போகிறது என்று பொருள். கட்டிலை விட்டுச் சுவருக்கு எதிரே நின்று பழகினால் அது அடங்கும். ஒரே மூச்சில் இரண்டு மணிநேரம் பழகுவதைவிட, காலை கால்மணி, மாலை கால்மணி நல்லது.

நேரம் போதவில்லை, உயர எறிந்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கணக்கைப் பாருங்கள். கைக்கு மேலே அரை மீற்றர் உயரும் பொதி ஏறத்தாழ 0.64 செக்கன் வானில் இருக்கும். அந்த நேரத்தை இருமடங்காக்க ஒரு மீற்றர் எறிந்தால் போதாது. இரண்டு மீற்றர் எறியவேண்டும். உயரம் நான்கு மடங்கு, நேரமோ இரண்டு மடங்குதான். உயரப்போன பொதி சிறிது சரிந்தாலும் எட்டாத தூரத்தில் விழும். தகவல் கோட்பாட்டின் தந்தையான அமெரிக்கக் கணித மேதை கிளோட் ஷனன் 1980 அளவில் இந்த வித்தைக்கே ஒரு சமன்பாடு எழுதினார். பந்து வானிலும் கையிலும் கழிக்கும் நேரத்தைக் கைகளின் தொகையால் பெருக்கினால் வருவதும், கை நிறைந்தும் வெறுமையாகவும் இருக்கும் நேரத்தைப் பந்துகளின் தொகையால் பெருக்கினால் வருவதும் சமம் என்றார்.

வயது போய்விட்டதே என்று தயங்குவோருக்கும் ஒரு செய்தி உண்டு. 2004இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள், மூன்று மாதம் இதைப் பழகியவர்களின் மூளையில், அசைவனவற்றைக் கண்டறியும் பகுதி பருத்திருப்பதைப் படம்பிடித்துக் காட்டினர். பயிற்சியை விட்ட மூன்று மாதத்தில் அந்த வளர்ச்சி பெரிதும் குறைந்துவிட்டது. அறுபது வயதை ஒட்டியவர்களிடம் பின்னர் சோதித்தபோதும் மாற்றம் தென்பட்டது. இளைஞரைப்போல் எளிதாக அவர்களுக்குக் கைவரவில்லை என்பதும் உண்மையே.

சிறுவர்களை வைத்துப் பணிசெய்வோர் புனித தொன் பொஸ்கோவை இங்கே நினைவுகூரலாம். 1815இல் இத்தாலியின் பெக்கி என்ற குக்கிராமத்தில் பிறந்து, இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தவர். பத்து வயதளவில் சந்தைகளில் வித்தைக்காரரின் கைகளை உற்றுப் பார்த்து, வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து பழகினார். பின்பு மரங்களுக்கிடையே கயிறு கட்டி நடந்தும் வித்தை காட்டியும் ஊர்ச் சிறுவரைக் கூட்டினார். கட்டணம் காசு அல்ல. செபமாலையும், காலையில் கேட்ட பிரசங்கத்தை அவர் வாயால் மீண்டும் கேட்பதுமே. செபிக்க மறுத்தவர்களுக்கு வித்தை கிடையாது.

நம் கரையோரத்தில் நிலைமை வேறு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். பேசுவது ஒரே தமிழ். ஆனால் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறொரு பாடசாலை. கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமலே வளர்ந்துவிடுகின்றனர். இரு பக்கத்துப் பிள்ளைகளும் விளையாட்டு விழாவிலோ சாரணர் பாசறையிலோ ஒரு நாள் சேரும்போது, ஆசிரியர்கள் இந்தப் பொதிகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். தனியாகப் பழகுவதைவிட இருவராகப் பழகுவது இலகு.

முறை இதுதான். இரண்டு பிள்ளைகளைத் தோளோடு தோளாக நிறுத்துங்கள். இடப்பக்கம் நிற்பவர் தம் இடக்கையை மட்டும், வலப்பக்கம் நிற்பவர் தம் வலக்கையை மட்டும் பயன்படுத்த வேண்டும். உட்புறக் கைகள் முதுகுக்குப் பின்னே போகட்டும். இருவரும் சேர்ந்து ஓர் ஆள். இரண்டு பொதி உள்ளவர் தொடங்குவார். மற்றவர் எறி உச்சிக்கு வரும்வரை பொறுத்திருந்து, அடியால் தம்முடையதை அனுப்புவார். எண்ணிக்கையை இருவரும் உரத்துச் சொல்லவேண்டும். முஸ்லிம் ஊர்களில் பொல்லடி ஆடிப் பழகிய பிள்ளைக்குத் தாளம் முன்பே காலில் இருக்கும். அவரையே எண்ணச் சொல்லுங்கள். பத்து எறி தவறாமல் வந்தபின் இருவரும் இடம் மாறி, மறுகையால் தொடங்கலாம்.