மெஷின் சாகலை, சிக்கியிருக்கு

உங்க வீட்டிலயோ ஆச்சி வீட்டிலயோ ஒரு கால்மிதி தையல் மெஷின் இருக்கும். இப்போதைக்கு அது ஒரு மேஜை. மேல மடிக்காத துணி, பழைய பேப்பர், டிவி ரிமோட். கேட்டா, "அது ஓடாதுப்பா, சக்கரமே சுத்தல" என்பாங்க. அடுத்த பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பழைய இரும்புக்காரர் தராசுக்குப் போயிடும்.

அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவை அதுக்குக் கொடுத்துப் பாருங்க. உடைஞ்சதால நின்ன மெஷின்கள் ரொம்பக் குறைவு. காய்ஞ்ச எண்ணெயும் நூல் சிக்கலும் நிறுத்தின மெஷின்கள்தான் அதிகம். எங்க சிக்கியிருக்குன்னு கண்டுபிடிக்காம பலம் போட்டாதான் நிஜமாவே உடையும்.

முதல்ல பிரிச்சுப் பாருங்க

கைனமேடிக்ஸ் பாடத்தில் படிச்ச நாலு பார் மெக்கானிசம் இங்க காலடியில இருக்கு. கால்மிதி ராக்கர். மேல போற கம்பி கனெக்டிங் ராட். பெரிய சக்கரத்தில் கிராங்க். இரும்புச் சட்டம் நிலையான லிங்க். புத்தகத்தில் பெரும்பாலும் கிராங்க் ஓட்டும், ராக்கர் ஆடும். இங்க தலைகீழ், ராக்கர்தான் ஓட்டுது. அதனால ஒரு சுற்றுக்கு ரெண்டு இடத்தில் டெட் சென்டர் வரும். அந்த இடத்தில் நின்னா எவ்வளவு மிதிச்சாலும் அசையாது. ஓடும்போது அதைத் தாண்ட வைக்கிறது பெரிய சக்கரத்தோட எடை. ஆச்சி முதல்ல மேல் சக்கரத்தைக் கையால தன் பக்கம் இழுத்துவிட்டு அப்புறம் மிதிச்சதுக்குக் காரணம் இதுதான்.

எனவே முதல் வேலை, தோல் பெல்ட்டைக் கழட்டுறது. கீழ்ப் பெரிய சக்கரம் தனியா சுத்துதா? சுத்தினா கீழ்ப்பகுதி நல்லாயிருக்கு. அடுத்து மேல் சக்கரத்தின் நடுவுல இருக்கிற சின்னத் திருகைத் தளர்த்துங்க. இது பாபின்ல நூல் சுத்தும்போது ஊசியை நிறுத்தி வைக்கிற கிளட்ச். தளர்த்தினதும் சக்கரம் சுத்தி, இறுக்கினதும் நின்னா, சிக்கல் தலைப்பகுதிக்குள்ள. தளர்த்தியும் சுத்தலைன்னா சிக்கல் அந்தச் சக்கரத்திலேயே. ரெண்டே சோதனையில மெஷினை மூணு துண்டாப் பிரிச்சாச்சு. ஸ்பேனர் இன்னும் எடுக்கவே இல்ல.

எண்ணெய்தான் வில்லன்

தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசான மினரல் ஆயில். அது தீர்ந்த அன்னைக்கு வீட்டில் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டிருப்பாங்க. தாவர எண்ணெய் காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லப் பிசினாகும். வருஷக்கணக்கில் நின்னா அதுவே வார்னிஷ் மாதிரி இறுகிடும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைஞ்சும் போகும்.

இரும்போடு இரும்பு உரசுற ஒவ்வொரு இடத்திலும், எண்ணெய் விட வெச்சிருக்கிற ஒவ்வொரு துளையிலும், ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்க. வெளிக்காற்று வர்ற இடமா இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். காலையில சக்கரத்தை முன்னும் பின்னும் லேசா ஆட்டுங்க. ஒரு மில்லிமீட்டர் அசைஞ்சா போதும், ஜெயிச்ச மாதிரிதான். மறுபடி சொட்டு, மறுபடி காத்திருப்பு. முழுசா சுத்த ஆரம்பிச்சதும் மண்ணெண்ணெயைத் துடைச்சிட்டு மெஷின் எண்ணெய் விடுங்க. மண்ணெண்ணெய் கரைக்கத்தான், ஓட்ட இல்ல.

ஊசித் தட்டின் ரெண்டு திருகைக் கழட்டினா, துணியை நகர்த்துற பல்லுக்கு இடையில் பஞ்சு கட்டியா அடைஞ்சிருக்கும். பல் குத்தும் குச்சியால எடுங்க. பாபின் கேஸுக்குப் பின்னாடி அறுந்த நூல் சுத்தியிருக்கும், அதையும் எடுங்க. திருகுக் காடிக்குச் சரியாப் பொருந்துற ஸ்குரூடிரைவரை மட்டும் பயன்படுத்துங்க. பழைய சிங்கர் திருகுகளின் மரை அந்தக் கம்பெனிக்கே உரியது. ஒண்ணு தொலைஞ்சா ஹார்ட்வேர் கடையில் கிடைக்காது. கழட்டும் முன் ஒரு போட்டோ, கழட்டின பின் ஒரு டப்பா.

இன்னொண்ணு, கறுப்பு உடம்பில் இருக்கிற தங்கப் பூ வேலை. அதுக்கு மேல பெரும்பாலும் அரக்குப் பூச்சு இருக்கும், ஸ்பிரிட்டில் கரையும். நான் சானிடைசர் போட்டுத் துடைச்சேன். எங்க ஆச்சி மெஷினில் பாதிப் பூ இப்ப இல்ல. ஆச்சி ஒண்ணும் சொல்லல, மீதிப் பூவை விரலால தடவிப் பார்த்தாங்க. அந்த இடத்துக்கு மெஷின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணி மட்டும் போதும்.

தையல் எப்படி விழுது?

கையால தைக்கும்போது ஊசி முழுசா துணியைத் தாண்டிப் போகும். மெஷின் ஊசி தாண்டாது, இறங்கி ஏறும், அவ்வளவுதான். அதனால கண்ணு நுனிகிட்ட இருக்கு. எலியாஸ் ஹோவ் 1846-ல் பேட்டன்ட் வாங்கின மெஷினில் இந்த ஊசியும், ரெண்டு நூல் பூட்டிக்கிற தையலும் இருந்தது. ஐசக் சிங்கர் பேட்டன்ட் 1851-ல். பல் மேலெழுந்து, முன்னால நகர்ந்து, கீழிறங்கி, பின்னால திரும்புற நாலு அசைவு ஆலன் வில்சனுடையது, 1854.

ஊசி அடிமட்டம் போய்க் கொஞ்சம் மேல வரும்போது நூல் ஒரு சின்ன வளையமா உப்பும். சரியா அந்த நேரத்தில் கொக்கியின் முனை வந்து வளையத்தைப் பிடிச்சு பாபின் கேஸைச் சுத்திக் கொண்டுபோகும். மேல இருக்கிற நெம்புகோல் மிச்ச நூலை இழுத்துக்கும். முடிச்சு துணியின் நடுவில் உட்காரும். எல்லாமே டைமிங்தான். ஊசியை முழுசா மேல ஏத்தாம மாட்டினாலோ, தட்டைப் பக்கம் கொக்கி வர்ற பக்கம் இல்லாம திரும்பியிருந்தாலோ கொக்கிக்கு வளையம் கிடைக்காது. தையலே விழாது. நம்மாளு உடனே "மெஷின் போச்சு" என்பார். முதல்ல புது ஊசி போட்டுப் பாருங்க.

மேல சிவப்பு நூல், கீழ வெள்ளை நூல் போட்டுச் சோதிங்க. துணியின் மேல்புறம் வெள்ளை எட்டிப் பார்த்தா மேல் டென்ஷன் அதிகம். அடிப்புறம் சிவப்பு நூல் வளையம் வளையமா தொங்கினா, மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள்ள உட்காரலை அல்லது டென்ஷன் ரொம்பக் குறைவு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ரெண்டைச் சேர்த்து மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது.

இனி ஒரு போர்வை

ஓடுற மெஷினைத் திரும்ப மேஜையாக்கிடாதீங்க. நேர்த் தையல் மட்டும் தெரிஞ்ச மெஷினுக்கு ஏத்த வேலை க்வில்ட், அதாவது ஒட்டுப் போர்வை. மேல துண்டுகள் சேர்த்த துணி, நடுவில் மெத்தென்ற அடுக்கு, கீழ ஒரு துணி, மூணையும் பிடிக்கிற தையல். வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி எல்லாம் பழைய புடவை அடுக்கில் பிறந்தவை. வட கர்நாடகத்தில் வாழுற ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி மக்களின் கவந்தி, ஓரத்தில் ஆரம்பிச்சு நடுவை நோக்கிக் கையாலேயே தைக்கிறது. மெஷினில் தைக்கும்போது மட்டும் நடுவில் ஆரம்பிச்சு ஓரத்துக்கு வாங்க. அப்பதான் சுருக்கம் வெளியே தள்ளப்படும்.

கணக்கு இது. 5 அங்குலச் சதுரங்கள் வெட்டி, கால் அங்குலம் விட்டுத் தைச்சா ஒவ்வொண்ணும் 4.5 அங்குலம் ஆகும். வரிசைக்கு 12, மொத்தம் 16 வரிசை, 192 துண்டு. கிடைக்கிறது 54-க்கு 72 அங்குலப் போர்வை. ஒரு வரிசையில் 11 தையல். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடப் பிடிச்சா, தையலுக்கு 2, மொத்தம் 22 மில்லிமீட்டர் காணாமப் போகும். அடுத்த வரிசையின் மூலைகள் சேராது. மெட்ராலஜி லேப்ல டாலரன்ஸ் ஸ்டாக்கப் புரியாதவங்களுக்கு இங்க புரியும். ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் தட்டு மேல ஒரு டேப் ஒட்டிட்டு, துணி ஓரத்தை அதை ஒட்டியே ஓட்டுங்க.

நடு அடுக்குக்குப் பஞ்சு வாங்க வேண்டாம். ரெண்டு பழைய பருத்திப் புடவை போதும், ஆச்சிகிட்ட கேட்டா எடுத்துத் தருவாங்க. எங்க ஆச்சி தந்தாங்க. எந்தப் புடவை எந்தத் தீபாவளிக்கு எடுத்ததுன்னும் சொன்னாங்க. பெல்ட்டை மாட்டிட்டு நான் மிதிச்சேன், அசையல. "சக்கரத்தைக் கையால தள்ளுடா முதல்ல" என்றாங்க. டெட் சென்டர்.