நுழைவுத் தடையும் முரண்பட்ட அமைப்புகளும்

இணையதளமொன்றிற் புகுதற்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் பிழையின்றி எழுதிய பின்னரும், நுழைவுப் பக்கமே மீண்டும் வந்து நிற்றலைப் பலரும் கண்டிருப்பர். பிழை இன்னதென்று ஒரு சொல்லும் தோன்றாது. புகுவோர் தம் நினைவையே ஐயுற்றுக் கடவுச்சொல்லை மாற்றுவர், மாற்றியும் பயனிராது. விண்ணப்பம் விடுத்தற்குரிய இறுதிநாள் அணித்தாயின் இத்தடையால் வரும் இழப்புச் சிறிதன்று. இத்தகைய தடைகளுட் பல புகுவோர் குற்றத்தால் வருவன அல்ல. தளத்தின் அமைப்புகள் தம்முள் முரணுதலால் விளைவன. 2003-ஆம் ஆண்டில் தோன்றி இன்று பெருவழக்காயுள்ள வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

முதற்கண் உள்நுழைவு நிகழுமாற்றை அறிதல் வேண்டும். எச்டிடிபி என்னும் நெறிமுறைக்கு நினைவு இல்லை. முன்னொரு பக்கத்தைக் கேட்டவரும் இப்பொழுது கேட்பவரும் ஒருவரே என்பதை அஃது அறியாது. இக்குறையை நீக்கும்பொருட்டு, நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணிபுரிந்த லூ மாண்டுலி என்பார் 1994-இல் குக்கீ என்பதனை வகுத்தார். கடவுச்சொல்லைச் சரியெனக் கண்ட சேவையகம் உலாவிக்கு இவ்வடையாளச் சீட்டைத் தருகின்றது. உலாவி அதனை ஒவ்வொரு முறையும் காட்டுகின்றது. வேறு கட்டளை இல்லாதவிடத்து, சீட்டு அதனைத் தந்த முகவரிக்கே செல்லும். பிறிதொரு முகவரிக்குச் செல்லாது.

இனி, தளத்தின் முகவரி எங்கெங்கு எழுதப்பட்டுள்ளது என்று நோக்குவோம். தரவுத்தளத்தில் அஃது இருவரிகளாக உள்ளது. டபிள்யூபி-கான்ஃபிக் என்னும் அமைப்புக் கோப்பிலும் அதனை எழுதலாம். எழுதின், கோப்பின் சொல்லே தரவுத்தளத்தின் சொல்லை வெல்லும். இவற்றின்மேல், வருவோரை வேறு முகவரிக்குத் திருப்பும் விதி சேவையகத்தில் இருத்தலும் உண்டு. இம்மூன்றும் ஒருமித்து நில்லாவிடிற் கேடு விளையும்.

அக்கேட்டின் வகை இரண்டினைக் காண்பாம். மூன்று டபிள்யூ எழுத்துக்களோடு கூடிய முகவரியைத் தரவுத்தளம் கூற, அவையில்லாத முகவரிக்குச் சேவையகம் திருப்புகின்றது என்க. நுழைவுப் படிவம் முன்னதற்கு அனுப்பப்படும். சேவையகம் பின்னதற்குத் திருப்பும். 301 என்னும் திருப்பத்தில் உலாவி படிவத்தின் உள்ளீட்டை விடுத்து, வெறும் பக்கத்தையே கேட்கும். ஆகவே கடவுச்சொல் வேர்ட்பிரஸைச் சென்றடையவே இல்லை. பிழைச்செய்தி தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

மற்றொன்று, இடையே நிற்கும் சேவையகத்தால் வருவது. அது வெளியே எச்டிடிபிஎஸ் என்னும் காப்புடைய வழியிலும், உள்ளே காப்பில்லா வழியிலும் பேசும். உள்ளிருக்கும் வேர்ட்பிரஸ், காப்பில்லா வழியில் வந்தாரென்று கருதிக் காப்புடைய வழிக்குத் திருப்பும். திரும்பியவரை மீண்டும் திருப்பும். ஏறக்குறைய 20 முறை சுழன்றபின் உலாவி கைவிட்டுவிடும். வந்த வழி காப்புடையதே என்பதை இடைச்சேவையகம் ஒரு தலைப்புக் குறிப்பால் உணர்த்துமாறும், அமைப்புக் கோப்பு அதனை ஏற்குமாறும் செய்தலே தீர்வு. காப்பினை நீக்குதல் தீர்வன்று.

பழுது காணும் முறை வருமாறு:

1. குக்கீ இல்லாத தனிச்சாளரத்தில் முயலுக. அங்கே நுழைய முடியின் பழைய சீட்டே தடை. அதனை அழித்தல் போதும்.
2. அங்கும் தடையுண்டாயின், நுழையுமுன்னும் பின்னும் முகவரிப் பட்டையில் மாறுவது யாதெனக் காண்க.
3. தரவுத்தளம், அமைப்புக் கோப்பு, சேவையக விதி ஆகிய மூன்றிலுமுள்ள முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுக.
4. படியெடுத்து வைத்த பின்னர், ஒருமுறைக்கு ஒன்றையே திருத்திச் சோதிக்க.

ஏட்டுப் பிரதிகளிற் பாடபேதம் காணும் பதிப்பாசிரியர், எல்லாப் பிரதிகளையும் ஒப்புநோக்கிய பின்னரே ஒரு பாடத்தைத் துணிவர். இங்கும் அதுவே நெறி. ஒப்புநோக்காது பலவற்றை ஒருங்கே மாற்றுவோர், எது நோய், எது மருந்து என்று அறியமாட்டார். பழுது நீங்கிய பின்னர், மூன்றிடத்தும் ஒரே முகவரி நிற்குமாறு செய்து, அதனைக் குறித்து வைத்தல் தளம் காப்போர் கடன். அங்ஙனம் செய்யின், குற்றமற்ற பயனாளர் வாயிலில் வருந்தி நிற்கும் நிலை நேராது.