தட்டைக் குறைக்காதே

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் அப்பா முகூர்த்தப் புடவை ஒன்றைத் தறியில் வைத்திருக்கிறார். அது முடியும்வரை அவரைப் பேச்சுக்குப் பிடிக்க முடியாது. போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது என்பதால் நானே எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

அன்றைக்கு நீ இரண்டு செய்தி சொன்னாய். இனி வீட்டுக்குள் ஆர்கானிக் தவிர வேறு எதுவும் வராது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறீர்கள். அது ஒன்று. ஸ்ரீபெரும்புதூர் கடையின் விலை கட்டுப்படியாகாததால் காயையும் பழத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டீர்கள். அது இரண்டு. முதல் முடிவை நான் தடுக்க மாட்டேன். இரண்டாவதை இன்றைக்கே விட்டுவிடு, கண்ணு. வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை இருக்கும்போது கீரையைக் குறைக்க எந்த பயமும் காரணமாகாது.

கிராம சுகாதார நர்ஸாக இருந்த காலமெல்லாம் கர்ப்பிணிகளின் கீழிமையை இழுத்து வெளிறியிருக்கிறதா என்று பார்த்தே என் பொழுது போனது. ரத்தமில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்களைத் தெருத்தெருவாக எனக்குத் தெரியும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில்கூட தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. படித்த மாநிலம், ஆஸ்பத்திரிப் பிரசவம் என்று பெயரெடுத்த மாநிலத்தில்! ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பார். ஒரு நாளுக்கான 2000 கலோரி சாப்பாட்டில் காயும் கீரையும் சேர்ந்து 400 கிராம், பழம் 100 கிராம் இருக்க வேண்டும் என்கிறது. நம் பக்கம் எத்தனை வீட்டில் அது நடக்கிறது? சோறு தட்டு நிறைய, காய் ஒரு கரண்டி. உன் அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததற்குப் பூச்சிமருந்தைக் கைகாட்ட வேண்டியதில்லை. நாள் முழுக்கத் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்த உடம்பு, மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, அவ்வளவுதான். முதலில் தட்டு நிறையக் காய் வரட்டும். அது எந்தக் காய், யார் விளைவித்தது என்ற கேள்வி அதற்கு அடுத்தது. வரிசை மாறக் கூடாது.

உன் பயம் வெறும் பயம் என்று நான் சொல்லவில்லை. குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்தைப் பிறக்கப்போகும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குக் கெடுதல் வரலாம் என்ற காரணத்தால் 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. நம் நாட்டு வயல்களில் அது இன்னும் புழங்குகிறது. 2015இல் தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்களில் மருந்து எச்சம் அதிகம் என்று கேரள அரசு சொல்ல, நம் அரசு மறுக்க, பெரிய வாக்குவாதமே நடந்தது. இந்தியாவிலிருந்து போகும் வெண்டைக்காயையும் கறிவேப்பிலையையும் ஐரோப்பியத் துறைமுகங்களில் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பட்டியலில் வைத்திருந்தார்கள். பத்து ரூபாய்க்குக் காய் வாங்கினால் கொசுறாக ஒரு கொத்துக் கொடுக்கிறார்களே, அதே கறிவேப்பிலைதான்.

ஆர்கானிக் சாப்பிட்டால் சத்து கூடுமா என்று கேட்டாய். 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வைட்டமின், தாது இவற்றில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசமில்லை, மருந்து எச்சம் மட்டும் குறைவு என்றார்கள். 2014இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் இன்னும் பெரிய தொகுப்பைச் செய்து, ஆர்கானிக் விளைச்சலில் ஆன்டிஆக்ஸிடென்ட் அதிகம், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றார்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போவது எச்சம் குறைவு என்ற ஒன்றில்தான். அந்த ஒன்றுக்காக வாங்கு. இரும்பும் கால்சியமும் தானாகக் கூடிவிடும் என்று நம்பி வாங்காதே.

அப்படியானால் இருக்கிற காசை எங்கே போடுவது? எதற்கு அதிகம் மருந்தடிக்கிறார்களோ அதில் போடு. கத்தரிக்காயில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு வருவதால் அதற்குத் திரும்பத் திரும்ப மருந்தடிப்பார்கள். வெண்டை, காலிஃப்ளவர், முட்டைக்கோஸ், பச்சை மிளகாய், தக்காளி, திராட்சை எல்லாம் இந்த வகை. இவற்றில் உனக்கு எது தினமும் வேண்டுமோ அதை மட்டும் ஆர்கானிக்காக வாங்கு. மற்றதை வாரக்கணக்கில் விட்டுவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனை, கருணை, தேங்காய், பலா, கொல்லைப் பப்பாளி, அகத்தி, முருங்கைக்கீரை இவற்றுக்கு ஆர்கானிக் சீட்டு ஒட்டி இரட்டை விலை கேட்டால் கொடுக்காதே. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தடிப்பவர்கள் குறைவு. சாதாரண மார்க்கெட் சரக்கே போதும். கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா மூன்றையும் உன் பால்கனியில் தொட்டியில் வை. செடி நானே கொண்டுவந்து தருகிறேன்.

எந்தக் காயானாலும் ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவு. கோஸின் மேல் இலைகளை எடுத்துப்போடு. செடிக்குள்ளேயே ஊறிப்போகிற மருந்து கழுவினால் போகாது என்பது உண்மைதான். ஆனால் தோலின் மேல் இருப்பதில் கணிசமான பகுதி போய்விடும். ஆர்கானிக் கீரையையும் இதே கவனத்தோடு கழுவ வேண்டும். சாணமும் எருவும் போட்ட மண்ணில் வளர்ந்தது, கிருமி ஒட்டியிருக்கும்.

இனி, அது ஆர்கானிக்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ நெசவாளி வீட்டுப் பெண். ஓர் இழையைக் கொளுத்தி மோந்து பார்த்தே பட்டா பாலியெஸ்டரா என்று உன் அப்பா சொல்லிவிடுவார். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று நீயே சின்ன வயதில் பார்ப்பாய். கத்தரிக்காயில் அந்த வித்தை எதுவும் செல்லாது. எச்சத்தைக் கண் காணாது, மூக்கு அறியாது. புழு துளைத்திருந்தால் மருந்தடிக்காதது என்பார்கள், அதுவும் நிச்சயமில்லை. மருந்துக்குத் தப்பின புழுவாகவும் இருக்கலாம். அதனால் சான்றுத் தாளைக் கேட்கத்தான் வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2017இல் ஆர்கானிக் உணவுக்கென்று விதி போட்டது. பொட்டலத்தின் மேல் ‘இந்தியா ஆர்கானிக்’ அல்லது ‘பிஜிஎஸ் இந்தியா’ முத்திரை இருக்கிறதா என்று பார். பிஜிஎஸ் என்பது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி கொடுக்கிற முறை. நம் மாநிலத்தில் சான்று தருவதற்கென்றே கோயம்புத்தூரில் உயிர்மச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. மருந்தை விட்ட அன்றைக்கே சான்று கிடைக்காது. நெல், காய் போன்ற பயிர்களுக்கு இரண்டு வருஷம், மரப்பயிர்களுக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். ‘நேச்சுரல்’, ‘இயற்கை’, ‘பாரம்பரியம்’ என்று பச்சை எழுத்தில் போட்டிருப்பது எதுவும் சான்றாகாது. நேரே விளைவித்தவரிடம் வாங்கினால் தாள் இல்லாமலும் இருக்கலாம். அப்போது வயலைப் போய்ப் பார். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எந்தப் பூச்சி வந்தது, என்ன செய்தீர்கள் என்று கேள். நிஜமாகச் செய்கிறவர் வேப்பங்கொட்டைக் கரைசல், பஞ்சகவ்யம், பொறிப்பயிர் என்று உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவார்.

அரிசி விஷயம் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு சிறுமணி, பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா என்று அந்தக் கடையில் அடுக்கியிருக்கிறார்கள் என்றாய். நெல் ஜெயராமன் என்ற மனிதர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து விவசாயிகளிடம் திருப்பிக் கொடுத்திராவிட்டால் இவற்றில் பலவற்றின் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. 2018இல் அவர் போய்ச் சேர்ந்தபோது அவரைப் பார்த்தறியாத நானும் அழுதேன். ஆனால் பாரம்பரிய ரகம் வேறு, ஆர்கானிக் வேறு. பூங்காரையும் யூரியா போட்டு விளைவிக்கலாம், பொன்னியையும் எருப்போட்டு விளைவிக்கலாம். பூங்கார் சாப்பிட்டால் சுகப்பிரசவம் என்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதே. தவிடு போகாத அரிசி என்றால் நார்ச்சத்து கிடைக்கும், அது உனக்கும் அப்பாவுக்கும் நல்லது. தீட்டின வெள்ளை அரிசியில் எச்சம் இருந்தாலும் பெரும்பகுதி உமியோடும் தவிட்டோடும் போய்விடும். தவிட்டோடு சாப்பிடப்போகிறாய் என்றால் அங்கேதான் ஆர்கானிக்குக்குக் கொடுக்கிற காசுக்கு அர்த்தம் உண்டு.

மாத்திரை என்றதும் நினைவு வருகிறது. ‘இரும்புச்சத்து மாத்திரையும் கெமிக்கல்தானே’ என்று கேட்டாயாம், அண்ணி சொன்னார்கள். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த அந்த மாத்திரையை 180 நாள் தினமும் போட வேண்டும், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். டீ, காபியோடு போடாதே. எலுமிச்சைச் சாற்றோடு போடு. இதில் விவாதமே கிடையாது.

அந்தக் கடையிலிருந்து இன்னும் மூன்று பொருளை நிறுத்து. இந்துப்பு ஒன்று. அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. பிள்ளையின் மூளைக்கு அயோடின் வேண்டிய நேரம் இது, சாதாரண அயோடின் உப்பையே வாங்கு. காய்ச்சாத நாட்டு மாட்டுப் பால் இரண்டாவது. எந்த மாடானாலும் பொங்கக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. மூன்றாவது ஆர்கானிக் நாட்டுச்சர்க்கரையில் செய்த லட்டும் பிஸ்கட்டும். வெளுக்க மருந்து போடாத கருத்த வெல்லம் நல்லதுதான், இருந்தாலும் ரத்தத்தில் சேரும்போது அதுவும் சர்க்கரைதான். நம் குடும்பத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, எனக்கும் எட்டிப் பார்க்கிறது. நீ கவனமாக இருக்க வேண்டியவள். இந்த மூன்றையும் நிறுத்தினால் மிச்சமாகிற பணத்திலேயே உன் வாரக் கீரைச் செலவு முடிந்துவிடும்.

ஆர்கானிக் வேண்டும் என்று நானே சொல்வதற்கு ஒரு பெரிய காரணம் இருக்கிறது. அது உன் தட்டுக்கு வெளியே இருக்கிறது. மருந்தடித்த மறுநாளே களையெடுக்கப் போன பெண்கள் தலைச்சுற்றலும் வாந்தியுமாக வந்து என்னிடம் நின்றிருக்கிறார்கள். கையுறை இல்லை, முகத்தில் ஈரத்துணிதான். 2017இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். உனக்கு வருகிற எச்சம் துளியிலும் துளி. அவர்கள் அதிலேயே நனைகிறார்கள். 2013 டிசம்பரில் மறையும்வரை இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா வயல் வயலாக நடந்து பேசியது முதலில் அந்த மனிதர்களுக்காக. நீ நல்ல விலை கொடுத்து வாங்குகிற ஒரு கிலோ கத்தரிக்காய் அந்த வயலில் மருந்துத் தெளிப்பானைத் தோளில் ஏற்றாமல் வைக்கிறது என்றால், அந்தப் பணம் வீணில்லை.

ஆனால் ஒரே ராத்திரியில் எல்லாம் மாறிவிட வேண்டும் என்று அவசரப்படாதே, யாரையும் திட்டாதே. இலங்கையில் 2021இல் ரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். மண்ணைத் தயார் செய்யவில்லை, விவசாயிக்குப் பழக்கிக் கொடுக்கவில்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கி, அந்த வருஷம் நவம்பரிலேயே தடையை எடுக்க வேண்டிவந்தது. மார்க்கெட்டில் கூடையில் கீரை வைத்து விற்கிற அம்மாவை ‘விஷம் விற்கிறாள்’ என்று உன் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதாகச் சொன்னாயே, எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு கட்டு விற்றால் அந்த அம்மாவுக்கு எத்தனை ரூபாய் நிற்கும்? அவரிடம் வாங்கு. எங்கே பறித்தது, மருந்தடித்து எத்தனை நாளாச்சு என்று தன்மையாகக் கேள். பத்துப் பெண்கள் தினம் கேட்டால் அந்தக் கேள்வி வயல்வரைக்கும் போகும்.

நாளையிலிருந்து மதியம் ஒரு கீரை, ஒரு காய், இரவில் இன்னொரு காய், இடையில் கொய்யாவோ வாழைப்பழமோ. நாளாவட்டத்தில் முடிந்தால் கத்தரியும் மிளகாயும் சான்றுள்ள இடத்திலிருந்து வாங்கு. சனிக்கிழமை அப்பா அந்தப் பக்கம் வரும்போது நம் கொல்லை முருங்கைக்கீரை, வாழைப்பூ இரண்டு, கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொடுத்தனுப்புகிறேன்.

24 வாரத்துக்கு மேல் சர்க்கரைச் சோதனை எடுக்கச் சொல்வார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். நம் மாநிலத்தில் 2007 முதலே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்கிறார்கள். தட்டிக்கழிக்காமல் போ. ஹீமோகுளோபினையும் அன்றைக்கே பார்க்கச் சொல். இரண்டு எண்ணையும் அன்று மாலையே எனக்குப் போனில் சொல்லு.

அன்புடன்,
உன் அத்தை