மழைமானி பழுதுறுங்கால்

எமது கல்லூரி மைதானத்தின் வேலியோரத்தில், செப்புத் தகட்டாலான மழைமானி ஒன்று நாம் கற்ற காலத்தில் இருந்தது. காலை எட்டரை மணிக்கு அதனைத் திறந்து, சேர்ந்த நீரை அளவுச்சாடியில் ஊற்றிக் கண்மட்டத்திற் பிடித்து வாசித்துக் குறிப்பேட்டில் எழுதுதல் விஞ்ஞான வகுப்பு மாணவரின் முறைக்கடமை. கோடை மாதங்களில் நாள்தோறும் பூச்சியம் எழுதிச் சலித்துப்போன நாம், சில நாட்களில் மானியைத் திறவாமலே பூச்சியம் எழுதியதும் உண்டு. அக்குற்றத்தை இம்மலரில் ஒப்புக்கொள்வதால் இனித் தண்டனை எதுவும் வாராதென நம்புகின்றேன். ஆயினும், பிற்காலத்தில் வெளிக்கள வானிலை நிலையங்களின் கருவிகளைப் பார்வையிடுந் தொழிலை மேற்கொண்டபோது, என்னைப் பெரிதும் வருத்தியது அந்தப் பூச்சியமே.

வெப்பமானி உடைந்தால் இரசம் சிந்தும். காற்றுத்திசைகாட்டி முறிந்தால் தூரத்திலிருந்தே தெரியும். மழைமானியோ பழுதுற்ற பின்னும் பழைய தோற்றத்துடனேயே நிற்கும். மழை பெய்யாத நாளின் பூச்சியமும், பெய்த மழையை அளக்கத் தவறிய நாளின் பூச்சியமும் ஒரே வடிவில் எழுதப்படுகின்றன. வன்னிப் பகுதியில் ஒரு குளத்தின் வான்கதவை எப்பொழுது, எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்க வேண்டிய பொறியியலாளருக்கு இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெருவெள்ளம் ஏற்பட்டு இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட காலத்தில், அவற்றை எப்பொழுது திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி பலராலும் எழுப்பப்பட்டது. அத்தகைய கேள்விக்கு விடை தேடுபவர் முதலில் நாடுவது மேலேயுள்ள நீரேந்து பரப்பின் மழைக் கணக்கையே.

பாத்திரம் வைத்து மழையை அளத்தல் எமது நாடுகளுக்குப் புதிதன்று. களஞ்சியத்தின் முன்னால், ஏறத்தாழ ஒரு முழ அகல வாயுடைய பாத்திரத்தை மழையளக்க வைக்க வேண்டுமெனக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதிக்கின்றது. பஞ்சாங்கம் மழையை மரக்காலாற் கூறும் வழக்கத்தையும் நாம் அறிவோம். தத்துவம் மிக எளிது: வாயின் பரப்புத் தெரிந்தால், சேர்ந்த நீரின் கனவளவை அப்பரப்பால் வகுக்க மழையின் ஆழம் கிடைக்கும். ஐந்து அங்குல விட்டமுள்ள மானியின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 127 சதுர சதமமீற்றர். ஆகவே 10 மில்லிமீற்றர் மழைக்கு அதனுள் 127 கன சதமமீற்றர் நீர் சேரும்.

இவ்வளவு எளிய கருவியில் என்ன பிழை நேரும் என மாணவர் கேட்கலாம். சாடியிலேயே தொடங்குவோம். ஐந்து அங்குல மானிக்குரிய கண்ணாடிச் சாடி உடைந்துவிட, அலுமாரியிற் கிடந்த எட்டு அங்குல மானியின் சாடியை எடுத்து ஆண்டுக்கணக்கிற் பயன்படுத்திய இடத்தை நான் கண்டிருக்கின்றேன். இரு வாய்ப்பரப்புகளின் விகிதம் 2.56. எனவே 10 மில்லிமீற்றர் மழை அங்கே 3.9 என எழுதப்பட்டது. எழுதியவர் மிக நேர்மையானவர். ஒரு நாளும் தவறாது அளந்தவர். அவருடைய எழுத்தின் அழகே பிழையை எவரும் ஐயுறாமற் காத்தது! இத்தகைய பிழைக்கு ஒரு நன்மையும் உண்டு: விகிதம் மாறாதிருப்பதால், சாடி மாறிய நாள் தெரிந்தாற் பழைய கணக்கு முழுவதையும் திருத்திவிடலாம்.

உட்போத்தலில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அவ்வாறு திருத்த இயலாது. போத்தல் நிரம்பாதிருக்க, வெளிப்பாத்திரத்தில் நீர் நின்றால் அது கசிவின் அடையாளம். வாய்விளிம்பு நெளிந்து வட்டம் நீள்வட்டமானாற் பரப்புக் குறையும். வெள்ளி முதல் திங்கள் வரை திறவாதிருந்து, மூன்று நாள் மழையையும் திங்கட்கிழமைக்கே எழுதுவது கருவியின் பழுதன்று. ஆயினும், ஏட்டைப் புரட்டுகையில் திங்கட்கிழமைகளில் மட்டும் மழை வலுத்துப் பெய்யும் ஊர் ஒன்றைக் காண நேரின், காரணம் ஆகாயத்தில் இல்லை என்பதை உணரலாம்.

இனி, ஆளில்லா நிலையங்களில் நிற்கும் கவிழ்வாளி மழைமானிக்கு வருவோம். இதன் எண்ணக்கரு பழையது. இங்கிலாந்தின் கிறிஸ்தோபர் ரென் 1660களிலேயே இத்தகைய பொறியை வகுத்தார். புனலின் அடியில், தராசுபோல அச்சில் ஆடும் இரு சிறு வாளிகள் உள்ளன. ஒன்று குறித்த அளவு நிரம்பியதும் கவிழ்ந்து நீரைக் கொட்டும். மற்றையது புனலின் கீழ் வரும். ஒவ்வொரு கவிழ்ச்சியிலும் ஒரு காந்தம் சிறிய ஆளியொன்றைக் கணப்பொழுது மூட, தரவுப் பதிகருவி ஓர் எண்ணிக்கையைச் சேர்த்துக்கொள்ளும். வாய்ப்பரப்பு 200 சதுர சதமமீற்றராயின், 4 கன சதமமீற்றர் நீருக்கு ஒரு கவிழ்ச்சி, அது 0.2 மில்லிமீற்றர் மழை.

இக்கருவியின் நோயை அறிய, நிலையத்துக்குப் புறப்படுமுன் அதன் பதிவை நிமிடக் கணக்காக வாசித்தல் வேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பதை ஒத்தது இது. அயலிலுள்ள நிலையங்களில் மழை ஓய்ந்து வெயில் எறித்த பின்னும், ஒரு நிலையத்தில் மட்டும் ஒரே இடைவெளியுடன் மணித்தியாலக் கணக்காகக் கவிழ்ச்சிகள் தொடர்ந்தால், புனலின் துவாரம் பாதி அடைபட்டுள்ளது. தேங்கிய நீர் சொட்டுச் சொட்டாய் இறங்குகின்றது. நாளின் மொத்தம் ஏறத்தாழச் சரியாக இருக்கலாம். மழையின் கடுமை முற்றிலும் பொய்யாகும். ஒரே செக்கனில் இரு கவிழ்ச்சிகள் பதிந்திருந்தால் ஆளியின் தொடுகை துள்ளுகின்றது. ஏனெனில் செக்கனுக்கு 0.2 மில்லிமீற்றர் என்பது மணிக்கு 720 மில்லிமீற்றர். அவ்வாறு வானம் பொழிவதில்லை. மழையே இல்லாத காற்று நாட்களில் ஒன்றிரண்டு கவிழ்ச்சிகள் தோன்றின், கம்பம் தளர்ந்து ஆடுகின்றது. ஒருமுறை அக்கம்பத்தில் முதுகு தேய்த்து மழை பெய்வித்தது ஓர் எருமை.

எல்லாவற்றினும் கடினமானது பூச்சியம். இதிலே நான் செய்த தவறு ஒன்றைக் கூறுவது பயனுடையது. ஒரு கார்த்திகை மாதத்தில், வன்னிக் குளமொன்றின் மேற்புறத்திலிருந்த நிலையம் ஒரு நாளுக்கு 0.4 மில்லிமீற்றர் மழையென அறிவித்தது. அயல் நிலையங்கள் யாவும் நூற்றுக்கு மேற் கூறின. மறுநாள் நண்பகலில் அங்கே சென்றேன். குளத்துக் காவலர் என்னைக் கண்டதும், “தம்பி, இரா முழுக்க ஊத்தினது, உங்கடை பெட்டிக்கு மட்டும் தெரியேல்லையோ?” என்றார். மானியின் புனல் விளிம்புவரை நீரால் நிறைந்திருந்தது. அடித் துவாரத்திற் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பழுதைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியிற் கம்பியொன்றை எடுத்துக் கூட்டைக் குத்தினேன். தேங்கிய நீர் முழுவதும் பாய்ந்திறங்க, வாளிகள் படபடவென அடித்தன. வெயில் எறித்த அந்த நண்பகலிற் பெருமழை பெய்ததாகப் பதிகருவி எழுதிக்கொண்டது.

ஒரு செயலால் இரு தீங்குகள் விளைந்தன. பெய்யாத மழை பதிவேறியது. பெய்த மழையின் எஞ்சிய சான்று நிலத்திற் சிந்தியது. இரவிலேயே புனல் வழிந்திருக்கும். ஆகையால் உண்மையான மொத்தம் எவ்வகையாலும் கிடைத்திராது. ஆனால் நின்ற நீரை ஒரு குவளையால் மொண்டு அளந்திருந்தால், “இவ்வளவுக்குக் குறையாது” என்றாவது சொல்லியிருக்கலாம். அன்று மாலை குளத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் என்னிடம் கேட்டதும் அந்த ஒரு கணக்கையே. என்னிடம் விடை இருக்கவில்லை. அயல் நிலையங்களைக் கொண்டே அவர் இரவைக் கடத்தினார். கதவுகள் வேளைக்குத் திறக்கப்பட்டமையால் தீங்கொன்றும் நேரவில்லை. அதற்கு நான் காரணனல்லன்.

அதன்பின் நான் கைக்கொண்ட ஒழுங்கு இது. முதலிற் கை வைப்பதில்லை. கண்ட நிலையைக் குறிப்பேட்டில் எழுதி, இயலுமாயின் ஒளிப்படமும் எடுப்பேன். நிற்கும் நீர் இருந்தால் அதனை அளந்து எழுதுவேன். அடுத்துப் பதிகருவியிலிருந்து மானியின் கம்பியைக் கழற்றிவிடுவேன். அன்றேல் தொடக்க, முடிவு நேரங்களைக் குறித்து, இடைப்பட்ட எண்ணிக்கைகளைப் பின்னர் நீக்குவேன்.

பழுது எங்கே என அறிவதற்கு, வழியை நடுவிலே பிளந்து பார்த்தல் நலம். அதே நிலையத்தின் வெப்பநிலைப் பதிவு ஒழுங்காக வருமாயின், மின்கலமும் சூரியத் தட்டும் குற்றமற்றவை. கம்பியை இணைத்தபடியே வாளியைக் கையாற் கவிழ்த்து, எண்ணிக்கை ஏறுகின்றதா எனப் பார்க்க வேண்டும். ஏறுமாயின் பழுது மேலே புனலில். ஏறாதாயின் பதிகருவியின் முனையிலேயே இரு கம்பிகளையும் ஒருகணம் தொடுவிக்க வேண்டும். அப்போது எண்ணினால் ஆளியோ வடமோ பழுது. வடத்தை எலியும் அணிலும் கடிப்பதுண்டு. ஆளிகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வாளியின் அச்சிற் சிலந்தி நூலொன்று சுற்றியிருந்தாற்கூட அது கவிழாது நிற்கும். அதனாற் கவிழ்க்குமுன் உற்று நோக்குக. கவிழ்த்த கையே நூலை அறுத்துவிடும்.

ஓடும் கருவி சரியாக அளக்கின்றதா என்பது வேறு கேள்வி. முதலில் இரசமட்டத்தை வைத்து நிலை பார்க்க வேண்டும். சரிந்து நிற்கும் மானியில் ஒரு வாளி முந்தியும் மற்றையது பிந்தியும் கவிழும். பின்னர் 400 கன சதமமீற்றர் நீரை, அளவியிலிருந்தோ சிறு துளையிட்ட போத்தலிலிருந்தோ, அரை மணித்தியாலத்துக்குக் குறையாத நேரத்தில் ஊற்றுக. நூறு கவிழ்ச்சிகள் வரவேண்டும். இரண்டு கூடினாலும் குறைந்தாலும் நான் திருகாணியைத் தொடுவதில்லை. அவசரப்பட்டு ஊற்றுபவர் நல்ல கருவியையும் கெடுப்பர். வாளி கவிழும் அரைச் செக்கனளவில் விழும் நீரின் ஒரு பகுதி நிரம்பிய வாளியிலேயே சேர்ந்து கணக்கின்றிப் போகின்றது. மணிக்கு 20 மில்லிமீற்றர் மழையில் 36 செக்கனுக்கு ஒரு கவிழ்ச்சி; இழப்பு அற்பம். 200 மில்லிமீற்றர் வேகத்தில் 3.6 செக்கனுக்கு ஒன்று. இழப்புச் சில நூற்றுவீதம் ஆகும். விரைந்து ஊற்றி 93 கண்டு, உடனே திருகாணியை முறுக்கியவர், இனி வரும் தூறல்களையெல்லாம் பெருக்கிக் காட்டும் கருவியையே விட்டுச் செல்கின்றார். இச்சோதனையைக் கழுவுமுன் ஒருமுறையும் கழுவியபின் ஒருமுறையும் செய்தல் வேண்டும். முன்னதன் விடையே கடந்த மாதங்களின் பதிவை எவ்வளவு நம்பலாம் எனக் கூறும்.

எமது பகுதியில் மழைமானி மாரியிற் பழுதாவதில்லை; மாரியிலே பழுது வெளிப்படுகின்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களிற் செம்மண் தூசி புனலிற் படிகின்றது. எறும்பும் குளவியும் குடிபுகுகின்றன. காகம் விளிம்பிலிருந்து தன் பங்கைச் செலுத்துகின்றது. ஐப்பசியின் முதல் மழை இவற்றைக் கூழாக்கித் துவாரத்தில் இறுக்குகின்றது. ஆதலாற் பார்வையிடற் பயணம் புரட்டாதியில் முடிந்திருக்க வேண்டும். பட்டியலைக் கார்த்திகையில் அனுப்பும் காரியாலயங்களும் உண்டு.

கருவி குற்றமற்றிருக்க, இடம் குற்றப்படுவதும் உண்டு. நிறுவியபோது இடுப்பளவு நின்ற கிளுவை வேலியும் பூவரசும் பத்தாண்டிற் கூரைக்கு மேல் வளர்ந்துவிடும். மானியின் விளிம்புக்கு மேல் மரம் எவ்வளவு உயர்ந்துள்ளதோ, அதன் இரு மடங்கு தூரமாவது மானிக்கும் மரத்துக்கும் இடையே இருக்க வேண்டும். மரம் ஒரே நாளில் வளராமையால் இப்பழுது எந்நாளின் பதிவிலும் தெரியாது. இதற்கு ஓர் உபாயம் உண்டு. அயல் நிலையங்களின் சராசரி மழையை ஆண்டாண்டாகக் கூட்டிக் கிடையச்சிலும், எமது நிலையத்தின் மழையை அவ்வாறே கூட்டி நிலையச்சிலும் குறித்தால், குற்றமற்ற நிலையம் நேர்கோடாகச் செல்லும். கோடு வளைந்த ஆண்டிலிருந்து ஏதோ மாறியிருக்கின்றது. இது மேல்வகுப்பு மாணவர் ஒரு பிற்பகலில் வரைபுத்தாளிற் செய்யக்கூடிய வேலை.

பழுதான நாட்களுக்கு என்ன எழுதுவது? அளக்கப்படாத நாளுக்குக் கோடு. அளந்து மழையில்லை எனக் கண்ட நாளுக்கு மட்டுமே பூச்சியம். அயலூரைப் பார்த்து மதித்த எண்ணை எழுதுவதாயின் அது வேறு நிரலில், வேறு மையில் இருக்கட்டும்.

கல்லூரி மானி இருந்த இடத்தை அண்மையிற் சென்று பார்த்தேன். பீடத்தின் சீமெந்து மட்டும் எஞ்சியுள்ளது; அருகே வேம்பொன்று வளர்ந்திருப்பதால் அவ்விடம் இனி உதவாது. மைதானத்தின் கீழைப்புறம் திறந்த வெளியாக உள்ளது. விஞ்ஞான ஆசிரியர்கள் விரும்பின், வரும் புரட்டாதியில் இரசமட்டமும் அளவியும் கொண்டு வந்து மாணவருடன் ஒரு நாள் நிற்க நான் ஆயத்தமாயிருக்கின்றேன்.